வாளியில் ஊற்றிய பால்

நான் வாயும் வயிறுமாக இருந்த வருஷத்தில்தான் மலாயாவில் சுங்காய்ப் பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு ஆராய்ச்சி வந்தது. சர்க்கார் பாதி, ரப்பர் கம்பெனிகள் பாதி என்று பணம் போட்டு, சீமைக் காலேஜில் படித்த ஓர் இளந்துரையை அனுப்பியிருந்தார்கள். மரத்தின் பட்டையைத் தினமும் வெட்டினால் பால் அதிகமா, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் அதிகமா என்று அவர் பார்க்க வேண்டும். அதற்கென்று காட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு ஒதுக்கினார்கள். ஒருநாள் விட்டு வெட்டும் துண்டு என் தலையில் விழுந்தது.

எங்கள் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மாசமாக இருப்பவளால் குனிந்து நிமிர்ந்து எல்லா மரத்தையும் முடிக்க முடியாது. பால் குறைந்தால் கணக்கெழுதும் கிராணி அரைப்பேர் போட்டுவிடுவார், அரைநாள் கூலிதான். அதனால் பால் நிறுக்கப் போகும் வழியில் மற்றவர்கள் ஆளுக்கொரு கோப்பை அவள் வாளியில் ஊற்றிவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. என் வாளியிலும் ஊற்றினார்கள். ஊற்றியவர்கள் பக்கத்துத் துண்டில் தினமும் வெட்டுகிறவர்கள். ஆராய்ச்சி வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், நம் வாளிக்கும் அதற்கும் என்ன என்று இருந்துவிட்டோம்.

ஒருநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரையும் நிற்கவைத்து, தோட்ட மானேஜரான பெரிய துரை சொன்னதைக் கங்காணி எங்களுக்குச் சொன்னார். ஒருநாள் விட்டு வெட்டும் துண்டில்தான் பால் கூடுதலாம். மாசக் கடைசியில் கோலாலம்பூருக்கு அறிக்கை போகும், சர்க்கார் மேற்கொண்டு பணம் தரும், தோட்டம் முழுக்க அதே முறை வரும். அப்படி வெட்டினால் பாதி ஆள் போதும். மீதிப் பேர் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தக் கூடுதல் பால் எங்கிருந்து வந்தது என்று அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

நாங்கள் குடியிருந்த லயத்தில் ஒரே சண்டை. சொன்னால் பால் திருட்டு என்று போலீசுக்குப் போகும் என்றாள் ஒருத்தி. சொல்லாவிட்டால் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று கேட்டாள் இன்னொருத்தி. பக்கத்து வீட்டு அக்காதான் எனக்கு எல்லோரையும்விட அதிகம் ஊற்றியவள்.

"நாளைக்கு யாரும் ஊத்த வேணாம்," என்றாள் கடைசியில். "நீ சொல்லிரு. யாருன்னு கேட்டா என்னையும் காட்டு."

மறுநாள் என் வாளியில் என் பால் மட்டும். இளந்துரை முகம் சுளித்தார். தராசு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிப் பார்த்தார்.

"தராசு நல்லாதான் இருக்கு," என்றேன் கிராணியிடம். "இத்தன நாளும் வாளியில இருந்தது என் பால் மட்டும் இல்ல. பக்கத்துத் துண்டுப் பாலும் இருந்துச்சு. தொரைகிட்ட சொல்லுங்க."

கிராணி அதைத் துரையிடம் சொல்லாமல் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். கவனிக்காமல் விட்டதற்குத் தன் வேலையும் போகும் என்ற பயம் அவர் முழித்த முழியிலேயே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் வாளியை அவர் காலடியில் நங்கென்று வைத்தேன். அதற்குப் பிறகுதான் இங்கிலீஷில் சொன்னார். ஏன் ஊற்றினார்கள் என்று இளந்துரை கேட்டார். நான் வயிற்றைக் காட்டினேன். அவர் காது சிவந்துவிட்டது.

பங்களாவில் பெரிய துரை கத்தியது பால் நிறுக்கும் ஸ்டோர் வரை கேட்டது. தயாரான அறிக்கை போகட்டும் என்று அவர்; சர்க்கார் பணத்தை வாங்கிக்கொண்டு பொய் எழுத மாட்டேன் என்று இளந்துரை. இதைக் கிராணிதான் பிறகு சொன்னார். போலீஸ் வரவில்லை. என் துண்டில் வேறொருத்தியை நிறுத்திச் சோதனையை முதலிலிருந்து நடத்தினார்கள். இந்தத் தடவை ஆளைக் குறைக்கும் அளவுக்கு அதில் பால் வரவில்லை. லயத்தில் ஒரு வீடும் காலியாகவில்லை. கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன்.

ஆனால் அந்த இரண்டாம் சோதனைக்கு ஒரு காவல்காரனைப் போட்டிருந்தார்கள். ஒருத்தி பால் இன்னொருத்தி வாளிக்குப் போகக் கூடாது. இளந்துரை கப்பலேறிய பிறகும் பெரிய துரை காவலை எடுக்கவில்லை. தோட்டம் முழுவதற்கும் போட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் அக்கா மாசமானாள். பால் நிறுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றாள். அவள் வாளியில் பாதிகூட இல்லை. என் வாளி தளும்பியது. கையை நீட்டினால் எட்டிவிடும். காவல்காரன் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். கிராணி அவளுக்கு அரைப்பேர் போட்டார். அவள் என் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.