அடுத்த அறையின் இரைச்சல்

தெருவுக்கொரு லேப்டாப் வந்திராத நாட்கள். சின்ன காஞ்சிபுரத்தில், லேப்டாப் பழுது பார்க்கும் கடையில்தான் அவரைப் பார்த்தேன். நரைத்த தாடி, நகக்கண்ணில் சாயக்கறை. காய்ச்சல் பார்ப்பதுபோல லேப்டாப்பின் மேல் அடிக்கடி புறங்கையை வைத்தார்.

"கேம் போட்டா கொதிக்குது தம்பி. அப்புறம் இழுத்துக்கினு நிக்குது."

கடைக்காரர் கழற்றினார். அரக்கும் மாம்பழ மஞ்சளுமாய்ப் பட்டுப் பிசிறு, சின்னப் பறவையின் கூடுபோல விசிறியை அடைத்துக் கிடந்தது.

"தறி பக்கத்துலயே வச்சிருந்தீங்களாண்ணே? ஒரு புடவையே நெய்யலாம் போலிருக்குதே! ஒரே லேப்டாப்புல ஆபரேட்டிங் சிஸ்டம் வேற ரெண்டு போட்டிருக்குது."

"படிக்க ஒண்ணு, ஆட ஒண்ணுன்னு பையன் போட்டது. ரெண்டும் இருக்கட்டும்பா."

சுத்தம் செய்து, சூடு தணிக்கும் பேஸ்ட்டை மாற்றி, கேமை ஓட்டினார். திரையில் கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. பெரியவர் முகம் வெளுத்தது.

"சத்தம் எங்கப்பா?"

"போயிடுச்சுண்ணே. நல்லதுதானே?"

"பையன் பாலாத்துல முழுகிப் பூட்டான். என் சம்சாரம் அதை ஒத்துக்கினதே இல்ல. நான் அவன் ரூம்புல கேமைப் போட்டுட்டு வந்துருவேன். விசிறி இரையறது கேட்டாதான், புள்ள உள்ள ஆடிக்கினு இருக்குதுன்னு ரெண்டு வாய் சாப்பிடுவா."

கடைக்காரர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விசிறி எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும்படி மாற்றினார். கடையே இரைந்தது.

பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். "கொறைப்பா... இன்னும் கொஞ்சம்..." சட்டென்று கையை உயர்த்தினார். "ஆங். இருக்கான்."

இப்போதெல்லாம் என் மகன் அறையில் அந்த இரைச்சல் எழுந்தால், எழுதுவதை விட்டுப் போய்க் கதவைத் திறக்கிறேன். "என்னப்பா?" என்று அவன் சலித்துக்கொள்வதைக் கேட்ட பிறகே திரும்புகிறேன்.