எண்பதுக்குக் குறையாமல் கேட்ட அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை வழியனுப்ப வந்தவர்களுக்கும், வர இயலாமற்போனவர்களுக்கும் தம்பி நான் எழுதுவது.

அக்கா சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டு மாடியறையில் பிறந்தவர். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பா திரும்பவில்லை. அம்மாவோடு துணி தைத்தபடியே படித்து, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்புறமிருந்த சிறிய தமிழ்ப் பள்ளியில் அக்கா ஆசிரியையானார்.

அவருடைய ஆறாம் வகுப்பில் எண்பதுக்குக் குறைந்த மதிப்பெண்ணுக்கு இடமில்லை. தேர்ச்சிக்கு நாற்பது போதுமே என்ற தலைமையாசிரியரிடம், "கூலிவீட்டுப் பிள்ளைங்களுக்கு நாப்பது போதும்னு யாருங்க முடிவு பண்ணுனது?" என்று கேட்டாராம். யாரையும் அவர் அடித்ததில்லை. பிழை தீரும்வரை திரும்ப எழுதச் சொல்வார். தாமும் கூடவே உட்கார்ந்திருப்பார்.

அப்படி எழுதியவர்களில் ஒருவர் வள்ளி, துறைமுகத் தொழிலாளியின் மகள். அவரை வீட்டு வேலைக்கு அனுப்பவிருந்த தகப்பனாரை அக்கா நான்கு முறை போய்ப் பார்த்து மனம் மாற்றினார். வள்ளி உயர்நிலைவரை தமிழிலேயே படித்து, எல்லாப் பாடத்திலும் எண்பதைத் தாண்டினார்.

அதற்குள் பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றத் தொடங்கியிருந்தனர். அக்காவின் வகுப்பு முப்பதிலிருந்து பதினொன்றாகி, பிறகு நான்கானது. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் வள்ளியிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒரு சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நீங்க கேட்ட மார்க்கெல்லாம் எடுத்தேன் டீச்சர். அந்தச் சர்ட்டிபிகேட்ட யாரும் கையில வாங்கிக்கூடப் பாக்கல."

அக்கா, "உன்னக் கெடுத்துட்டேனாம்மா?" என்று மட்டும் கேட்டார். வள்ளி கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

மறு ஆண்டு பள்ளியை மூடினார்கள். அக்கா மறுபடி எங்கும் கற்பிக்கப் போகவில்லை. வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. மருத்துவமனையில் ஒருநாள், வள்ளிக்கு வேலை கிடைத்ததா என்றார். கிடைத்துவிட்டது என்றேன்.

"எங்கடா?"

எனக்குச் சட்டென்று ஓரிடமும் வாயில் வரவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறாம் நாள் உயிர் பிரிந்தது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்த கீழ்வீட்டு பாத்திமா அம்மாவுக்கும், சடங்குக்கு லாரி தந்த நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட்டவர் வள்ளி. அவருக்கு நாங்கள் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அவருக்கு இன்னும் வேலை இல்லை. இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஓரிடம் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த இடங்களில் எல்லாம் கேட்டுவிட்டேன்.