மூணு ப்ளேயர், ஒரே பாட்டு

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது பாதி ஸ்க்ரூ டிரைவர் வேலை, பாதி திட்டு வாங்கும் வேலை. வீடு வீடாக ஏறி இறங்கிய என் சக ஜீவன்களே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் தி.நகர் கடை ஒன்றில் நான் சர்வீஸ் இன்ஜினியர். கம்ப்யூட்டர் வாங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது, "பாட்டுக் கேக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பதுதான். பாட்டு ஓட்டும் சாஃப்ட்வேருக்கு ப்ளேயர் என்று பெயர். ஒரே பாட்டை அப்படி மூன்று ப்ளேயரில் மாற்றி மாற்றி ஓடவிட்டு, வித்தியாசத்தை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கடையில் வேறு யாரும் இந்த மெனக்கெடலைச் செய்யவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சுருதி பேதம்

மயிலாப்பூரில் ஒரு வீணை டீச்சர். மெஷின் மாட்டிய மறுநாளே, "பாட்டு சுருதி ஏறிண்டு கேக்கறது, வந்து எடுத்துண்டு போ" என்று போன். போனேன். ப்ளேயரை மாற்றினேன், அதே கதை. மூன்றாவதிலும் அதே. என் காதுக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை. எல்லாம் அவர் பிரமை என்று நினைத்தேன். அவர் அந்தப் பாட்டு இருந்த சி.டி.யை வீட்டு சி.டி. ப்ளேயரில் போட்டு, வீணைத் தந்தியை அதற்குச் சேர்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த அதே பாட்டை ஓடவிட்டுத் தந்தியை மீட்டினார். நூலிழை விலகல், எனக்கே கேட்டது.

மூன்று ப்ளேயருக்கும் ஒரே கோளாறு இருக்க முடியாது. அப்படியானால் குற்றவாளி உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டு. மலிவு சரக்கு, பாட்டைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளுகிறது. கடைக்கு ஓடி வேறு கார்டு கொண்டுவந்து மாட்டினேன். மறுபடி மீட்டினார். சேர்ந்துவிட்டது. டீச்சர் வீணையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாஃப்ட்வேருக்குக் காது கிடையாதும்மா. உனக்கு இன்னிக்குத்தான் மொளைச்சிருக்கு."

மணி அண்ணன் வைத்த பரீட்சை

கோடம்பாக்கத்தில் பாட்டு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார் மணி அண்ணன். எந்த ப்ளேயரில் சவுண்டு உசத்தி என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அவரைச் சுவர் பக்கம் திருப்பி உட்காரவைத்தேன். பாஸ், ட்ரெபிள் ஏற்றங்களை எல்லாம் அணைத்து, சத்தத்தை ஒரே அளவில் வைத்து, மூன்றையும் ஓட்டினேன். "ரெண்டாவதுதான் சூப்பரு" என்றார். வரிசையை மாற்றி மறுபடி ஓட்டினேன். அப்போதும் "ரெண்டாவது" என்றார். அது வேறு ப்ளேயர் என்றேன். அந்த ஏற்றங்களை அணைத்துவிட்டால் மூன்றிலும் சத்தம் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிட்டேன். நாற்காலியோடு திரும்பினார்.

"அப்ப இன்னாத்துக்குமா மூணு? ஒண்ண வெச்சிக்கினு ரெண்ட தூக்கிக் கடாசு!"

அஞ்சு எழுத்து

அடையாறில் ராஜகோபால் சார், ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் பாட்டு நிறைய இருந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மனைவி கமலா மாமி அடுப்படியிலிருந்து வந்து மவுஸைப் பிடிக்க வேண்டும். "அவளைக் கூப்பிடக் கூச்சப்பட்டே நான் பாதி நாள் பாட்டுக் கேக்கறதில்லை" என்றார்.

அன்று கடையில் கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு மூன்று ப்ளேயரையும் இயக்கிப் பார்த்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு ப்ளேயர் மவுஸ் இல்லாமல் நகரவில்லை. மூன்றாவதில், கீபோர்டின் கடைசி எழுத்து வரிசையில் அடுத்தடுத்து ஐந்து எழுத்துகளே போதும்: முந்தைய பாட்டு, ஆரம்பி, கொஞ்சம் நிறுத்து, முழுக்க நிறுத்து, அடுத்த பாட்டு. மறுநாள் சார் வீட்டுக்குப் போய், மெஷினைப் போட்டதும் அந்த ப்ளேயர் தானாகத் திறக்கும்படி செய்துகொடுத்தேன். சாருக்கு டைப்பிங் தெரியும். பத்து நிமிஷத்தில் விரல் பழகிவிட்டது.

பாட்டு கூடத்தில் கிளம்பியதும் மாமி ஈரக்கையோடு ஓடி வந்தார். "யாரு போட்டா?" என்றார். சார் கீபோர்டிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.

"நான்தான் கமலா. நீ வேலையை முடிச்சுட்டு மெதுவா வா."

இன்ஜினியர் என்று அட்டை அச்சடித்துக் கொடுத்த அதே கடையில், கடைசிவரை எனக்கு 'பாட்டுப் போடற பொண்ணு' என்றுதான் பெயர். நானும் அதைத் திருத்தப் போகவில்லை.