வேற போன் உண்டா?

செருப்பைக் கழற்றும்போதே ஜெயசிங்கின் கண் சுவரில் ஓடத் தொடங்கிவிடும். வீட்டுக்காரர் "வாருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அலமாரிக்குப் பின்னால் தலையை நுழைத்திருப்பார். ஒயர் எங்கே உள்ளே வருகிறது, எந்தக் காலண்டருக்குப் பின்னால் மறைகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவார். ஹெல்மெட் முழங்கையில் தொங்கும். வெளியே பைக் அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருக்கும். "ஆஃப் பண்ணினா பின்ன ஸ்டார்ட் ஆவாது" என்பார். பைக் புதியது.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில், ஃபைபர் இன்னும் எட்டிப்பார்க்காத ரப்பர் தோட்டத்து வீடுகளுக்குப் பழைய டெலிபோன் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் கொடுக்கும் ஒப்பந்த வேலை அவருடையது. சட்டைப்பையில் எப்போதும் தீப்பெட்டி அளவு வெள்ளை டப்பாக்கள் பிதுங்கிக்கொண்டிருக்கும். அவைதான் ஃபில்ட்டர். அந்தக் கம்பியில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் ஒன்று மாட்ட வேண்டும். ஒரு போன் விட்டுப்போனாலும், அது மணியடித்ததும் நெட் படுத்துவிடும்.

"பேச்சும் நெட்டும் ஒரே ரோட்டுலதான் வருது. இது களியக்காவிளை பார்டர் செக்போஸ்டாக்கும். பேச்சை மட்டும் போனுக்கு விடும், மத்தவனைத் திருப்பி அனுப்பும்" என்பது அவருடைய விளக்கம். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது, அதுவும் பௌதிகம். ஒருமுறை அதிர்வெண் பற்றி நான் எடுத்துச் சொன்னபோது, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றபடி முழுவதையும் கேட்டார். "நல்லா சொல்லுதே மக்கா. ஆனா அக்காமாருக்கு செக்போஸ்டுன்னு சொன்னாத்தான் ஏறும்."

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தால் ஆறுவதற்குப் பொறுக்காமல் பச்சைத்தண்ணீர் ஊற்றி ஒரே மூச்சில் குடிப்பார். அடுத்துப் போகவேண்டிய வீட்டுக்காரர் போனில் கேட்டால், இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டே, "தா, எத்திப்போயி சாறே!" என்று வந்துசேர்ந்துவிட்டதாக மலையாளத்தில் கூவுவார். மெல்லப் பேசுவது என்ற ஒன்றை அவர் பழகவேயில்லை.

எந்த வீட்டிலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வேற போன் உண்டா?" எல்லோரும் இல்லை என்பார்கள். பிறகு கட்டிலுக்கு அடியில் ஒன்று கிடைக்கும், தையல் மெஷினுக்குப் பின்னால் துணி மூடி ஒன்று கிடைக்கும். "பொய்யில்ல மக்கா, மறதி. மணியடிச்சாத்தான் அதுக்க ஞாபகம் வரும்."

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டுச் சுகிர்தபாய் அக்காவிடமும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் கூட நின்றிருந்தேன். அக்காவின் மகள் ஜோஸ்மி நர்சு. அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அன்று மூன்று மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. முதல் தடவை பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துபோய், கெஞ்சி வாங்கிய இரண்டாவது வாய்ப்பு இது. மொபைல் சிக்னல் எங்கள் பள்ளத்தில் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது.

ஜெயசிங் ஃபில்ட்டரை மாட்டினார். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. தன் மொபைலிலிருந்து வீட்டு போனை அடித்துப் பார்த்தார். பச்சை செத்தது.

"வேற போன் உண்டா அக்கா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லேன்னு சொன்னேனே!"

அவர் அதற்குள் முற்றத்தில் நின்றிருந்தார். கூரையை விட்டுக் கிளம்பிய கறுப்பு ஒயர் ஒன்று பலாமரத்துக் கிளையைத் தாண்டி, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போனது. அது ரத்னபாய் அக்காவின் வீடு. இரண்டு பேருடைய கணவன்மாரும் கூடப்பிறந்தவர்கள். தகப்பனார் காலத்தில் ஒரே நம்பரை இரண்டு வீட்டுக்கும் இழுத்திருந்தார்கள். பிறகு சபைக் கமிட்டித் தேர்தலில் அண்ணனும் தம்பியும் எதிரெதிராக நின்றார்கள். அன்று நின்ற பேச்சுதான்.

ஜெயசிங் ஓடினார். ரத்னபாய் அக்கா வாசலிலேயே மறித்தார். "அவளுக்கு வேண்டியதை எனக்க சுவருல மாட்டாண்டாம். நீரு போவும்." கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வந்த வேகத்தில் துவைகல்லில் ஏறி, ஒயரைக் கட்டரின் வாய்க்குள் வைத்துவிட்டார். "ஒரு வெட்டு அக்கா. நெட்டு பறக்கும்."

"வெட்டுங்க மாமா, நேரமாச்சு" என்றாள் ஜோஸ்மி. தேய்த்த சுடிதாரின் முதுகு அதற்குள் நனைந்திருந்தது.

"வெட்டாண்டாம்" என்றார் சுகிர்தபாய் அக்கா. "ரத்னபாய்க்க அம்மை தனுவச்சபுரத்திலிருந்து தினமும் விளிக்கது இதிலதான். அவங்களுக்கு வேற நம்பர் தெரியாது."

"அவங்க அம்மைக்க போனுக்காகவா? பிள்ளைக்க வேலை போனாலும் போட்டுன்னா?" ஜெயசிங்கின் குரலில் பலாமரத்துக் காக்கை எழும்பிப் பறந்தது.

"எலே, மெள்ளச் சொல்லு!" அக்கா அடுத்த வீட்டு ஜன்னலைக் கண்ணால் காட்டினார்.

பச்சை மறுபடி எரிய, ஒயரை வெட்டாமலே இன்டர்வியூ தொடங்கியது. அடுத்துப் போகவேண்டிய வீட்டுக்காரர் போனில் இரண்டு தரம் கூப்பிட்டும் ஜெயசிங் போகவில்லை. ஜன்னல் வழியே மோடத்தைப் பார்ப்பார், பலாமரம் வரை நடப்பார், திரும்பி வருவார். "அந்த அம்மைக்கு இப்ப விளிக்கத் தோணப்பிடாது மக்கா." நகத்தைக் கடித்துக் கடித்துத் துப்பினார். உள்ளே ஜோஸ்மி ஏதோ மருந்தின் அளவைப் பற்றி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது மணி அடித்தது.

சுகிர்தபாய் அக்கா பாய்ந்து எடுத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார். "ஆமா அம்மை... சுகமாத்தான் இருக்கா. கொஞ்சம் கழிஞ்சு விளியுங்க." ஜோஸ்மியின் குரல் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை அசையவில்லை.

ஜெயசிங் என்னைப் பார்த்தார். மணி இந்த வீட்டில் மட்டும்தான் கேட்டிருந்தது. விறுவிறுவென்று பலாமரத்தைச் சுற்றி நடந்தார். நானும் பின்னால் போனேன்.

ரத்னபாய் அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் டெலிபோன். சுவரிலிருந்து பிடுங்கிய ஒயர் முழங்காலில் சுற்றிக் கிடந்தது. எங்களைக் கண்டதும் முகத்தை ரப்பர் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒயரின் நுனியை மட்டும் நீட்டினார்.

ஜெயசிங் படியில் குத்தவைத்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு ஃபில்ட்டரை எடுத்து நுனியில் பொருத்தி, டக்கென்ற சத்தம் வெளியே வராதபடி இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்தி அழுத்தினார்.