மந்திரியைக் கொடுத்தவள்

ஜுவைரியா செஸ் ஆடுகிற இடம் பஸ். காலையில் தாராவியில் ஏறினால் செம்பூர் வரைக்கும், சாயங்காலம் செம்பூரில் ஏறினால் தாராவி வரைக்கும். உட்கார இடம் கிடைக்காவிட்டால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் போனில் குதிரையைத் தாண்டவிடுவாள். கண்டக்டர் டிக்கெட்டுக்கு இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். செம்பூரில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. கடைக்குள் போனைத் தொடக்கூடாது. வீட்டுக்குப் போனால் சமையல், துணி, மகளின் ஹோம்வொர்க். ஆக, அவளுக்கென்று மிச்சமிருந்தது இந்த இரண்டு பஸ்தான்.

அவள் ஆட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் பதிலும் பஸ்ஸில்தான் இருக்கிறது. சயான் பக்கம் போகும்போது நெட் எப்போது கையை விரிக்கும் என்று யாருக்கும் தெரியாது. நெட் போனால் தோற்றதாக ஆப் எழுதிவிடும். அதற்குள் எதிராளியை முடித்தாக வேண்டும். ராஜாவைப் பத்திரமாக ஓரத்தில் ஒளித்துவைப்பது, சிப்பாய்களை வரிசை கலையாமல் நகர்த்துவது, இந்த மாதிரி நல்ல பிள்ளைத்தனமெல்லாம் அவளிடம் கிடையாது. எடுத்த எடுப்பில் ராணியும் குதிரையும் கிளம்பிவிடும். பாதி ஆட்டங்களில் எதிராளி திகைத்துப்போய் விழுவார், மீதியில் இவள் விழுவாள். பலகையில் நாலைந்து காய் மட்டும் மிஞ்சி நிதானமாக உருட்டிக்கொண்டு போகிற கடைசிக் கட்டம் அவளுக்குப் பழக்கமே இல்லை. அது வருவதற்குள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிடும்.

ஆட்டத்தைக் கற்றது சின்ன வயசில், பெரியம்மா மகன் அப்ராரோடு ஒரு பிளாஸ்டிக் பலகையில். ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய் என்று வீட்டுத் தமிழில் கற்றாள். இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடையில் நாள் முழுக்க இந்திதான், மகளோடு சண்டை போடுவதும் பாதி இந்தியில்தான். ஆனால் செஸ்ஸை யாரோடும் அவள் பேசியதில்லை. ஆப்பில் இருப்பது வெறும் படங்கள். படத்துக்கு எந்த ஊர் பாஷை வேண்டியிருக்கிறது?

முதலில் எல்லாரிடமும் தோற்றாள். பிறகு சிலரிடம் மட்டும் தோற்றாள். ஆப்பில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் தர எண் எண்ணூறிலிருந்து மெல்ல ஏறி ஆயிரத்து அறுநூறைத் தொட்டது. செம்பூரில் ஒரு செஸ் கிளப் பெண்களுக்காக ஆன்லைன் போட்டி நடத்தியபோது ஒரு தைரியத்தில் பெயர் கொடுத்தாள். கொடுத்தவள் அரையிறுதியும் ஜெயித்துவிட்டாள். இறுதிப்போட்டி கிளப் மண்டபத்தில், நிஜப் பலகையில், நேருக்கு நேர். புருஷன் சலாவுதீன் தாராவியில் ஒரு பெல்ட் பட்டறையில் தோல் வெட்டுகிறவன். அவனுக்கு யானை எப்படி நகரும் என்றுகூடத் தெரியாது. இருந்தும் பட்டறை முழுக்க டீ வாங்கிக் கொடுத்து, 'எங்க வீட்டுல சாம்பியன் இருக்கா' என்று சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் கிளப்பிலிருந்து போன் வந்தது. அரையிறுதி ஆட்டத்தில் சந்தேகம் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் உதவியோடு ஆடியதுபோல் தெரிகிறதாம். வீடியோவில் விசாரிப்பார்கள். தப்பு என்று முடிவானால் பெயரை எடுத்துவிட்டு, காரணத்தைப் போட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்துவிடுவார்கள்.

அந்தக் குரூப்பில் மருந்துக்கடைக்கு வரும் பெண்களே எத்தனையோ பேர். கவுண்டரில் எதிரே வந்து நின்று மாத்திரைச் சீட்டை நீட்டும்போது அவர்கள் இவளை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஜுவைரியா நினைத்துப் பார்த்தாள். இறுதிப்போட்டி போனால் போகட்டும். திருடி என்ற பெயரோடு அந்தக் கவுண்டரில் உட்கார முடியாது.

விசாரணையின்போது அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, வெளிச் சத்தம் கேட்கக்கூடாது என்பது நிபந்தனை. தாராவியில் அவள் வீடே ஒற்றை அறை, கீழே நாலு தையல் மெஷின். கூட வேலை பார்க்கும் கிளாரா மாட்டுங்காவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்த கையோடு, புருஷனையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டுப் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்தாள்.

"கதவ நல்லா அடைச்சிக்கிடுட்டி. நான் அடுக்களையில நிக்கேன். என்ன நடந்தாலும் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஒரு சத்தம் கேட்டாலும் நீங்க சொல்லிக்குடுக்கீங்கன்னு சொல்லிருவாங்கக்கா."

"தும்மக்கூட மாட்டேன், போ."

போனில் இரண்டு முகங்கள் வந்தன. ஒருவர் போட்டியை நடத்தும் குல்கர்ணி மேடம், நரைமுடியும் தடித்த கண்ணாடியும். இன்னொருவன் பைசான், கிளப்பின் இளம் ஆட்டக்காரன். கம்ப்யூட்டரில் இவள் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்துச் சந்தேகத்தைக் கிளப்பியது அவன்தான். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். கட்டிலுக்கு அடியில் காட்டச் சொன்னார்கள். முக்காட்டை விலக்கிக் காதைக் காட்டச் சொன்னான் பைசான். மேடம் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொல்லித் தான் மட்டும் பார்த்தார். ஜுவைரியாவுக்குக் காது சூடாகிவிட்டது.

பேச்சு முழுக்க இந்தியில்தான் நடந்தது.

"உங்கள் ஆட்டம் எல்லாவற்றையும் பார்த்தேன்" என்றார் மேடம். "ஒரு நகர்த்தலுக்கு இரண்டு மூன்று நொடிக்கு மேல் நீங்கள் எடுப்பதே இல்லை. இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் ரொம்ப நேரம் காத்திருந்தீர்கள். பிறகு கம்ப்யூட்டர் சொல்லக்கூடிய அதே நகர்த்தலைச் செய்தீர்கள். அங்கே என்ன நடந்தது, சொல்லுங்கள்."

ஜுவைரியாவுக்கு அந்த இடம் கண்ணை மூடினாலும் தெரியும். எதிராளியின் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தன் மந்திரியால் அடித்தாள். மந்திரி செத்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, மனசில் இருந்த தமிழை அப்படியே இந்தியில் திருப்பிச் சொன்னாள். மந்திரிக்கு இந்தியில் என்ன? வஜீர். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"வஜீரைக் கொடுத்துவிட்டேன், மேடம்."

"எதை?"

"வஜீரை. வஜீர் போனால்தான் குதிரைக்கு வழி கிடைக்கும்."

மேடமும் பைசானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பைசான் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை ஜுவைரியா நன்றாகவே பார்த்தாள்.

"வஜீர் கடைசிவரைக்கும் பலகையில்தான் இருந்தது" என்றார் மேடம். குரல் மாறிவிட்டது. "நீங்கள் ஆடிய ஆட்டம்தானே இது?"

"இல்லை மேடம், அதுதான் செத்துப்போச்சே. இரண்டு வஜீரில் ஒன்று போய்விட்டது."

"இரண்டு வஜீரா?"

கதவுக்கு அந்தப்பக்கம் நின்ற கிளாரா தலையில் கை வைத்துக்கொண்டாள். இவளுக்கு என்ன ஆயிற்று, பயத்தில் புத்தி பிசகிவிட்டதா என்று அவள் பதறினாள். உள்ளே ஜுவைரியாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. உண்மையைச் சொல்லச் சொல்ல ஏன் இவர்கள் முகம் இறுகிக்கொண்டே போகிறது?

"மேடம், அறிக்கை எழுத எனக்கு இது போதும்" என்றான் பைசான். "காய்களின் பெயரே தெரியவில்லை."

அவன் கையை நீட்டினான். இணைப்பைத் துண்டிக்கப்போகிறான் என்று தெரிந்தது.

"நில்லுங்க" என்று தமிழிலேயே கத்திவிட்டாள் ஜுவைரியா. பிறகு இந்திக்கு மாறினாள். "வஜீர் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? எடுத்துக் காட்டுங்கள்."

மேடம் மேஜையிலிருந்த பலகையிலிருந்து ஒரு காயை எடுத்துக் காட்டினார். கிரீடம் வைத்த உயரமான காய்.

"அது ராணி" என்றாள் ஜுவைரியா. "குதிரைக்குப் பக்கத்தில் நிற்குமே, குறுக்கே குறுக்கே போகும், அதுதான் வஜீர். மந்திரி."

"அது ஊன்ட்."

"ஒட்டகமா? ஒட்டகம் எங்கிருந்து வந்தது?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எங்கள் பாஷையில் ஊன்ட்தான் மந்திரி, நீங்கள் வஜீர் என்று கூப்பிடுவது எங்களுக்கு ராணி என்று வேகவேகமாகச் சொன்னாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். தலை ஆடியது. ஆனால் பைசான் விடுவதாக இல்லை.

"இதை யாரும் சொல்லலாம். பெயர் தெரிந்துவிட்டால் ஆட்டம் தெரியும் என்று ஆகிவிடுமா? அவ்வளவு நேரம் ஏன் யோசித்தார்கள், அதற்குப் பதில் எங்கே?"

"பஸ் நின்றுவிட்டது" என்றாள் ஜுவைரியா.

"என்ன?"

"சயானில் டிராஃபிக். பஸ் நகரவே இல்லை. நெட்டும் நன்றாக இருந்தது. அதனால் யோசித்தேன்."

இப்படியொரு பதிலை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நம்பவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் மைக்கை அணைத்துவிட்டுப் பேசினார்கள். ஊமைப்படம்போல் வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மேடம் மைக்கைப் போட்டார்.

"பைசானோடு இப்போதே ஒரு ஆட்டம் ஆடுங்கள். கேமராவுக்கு முன்னால், ஆளுக்கு அரைமணி நேரம். கை, முகம் இரண்டும் தெரிய வேண்டும்."

கிளாராவின் லேப்டாப்பில் பலகை வந்தது. ஜெயித்தால் கம்ப்யூட்டர் என்பார்கள், தோற்றால் ஆடத் தெரியாதவள் என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இந்த நினைப்பு அவளுக்கு முதல் இரண்டு நகர்த்தல் வரைக்கும்தான் இருந்தது. மூன்றாவதில் கோபம் வந்துவிட்டது. காதைக் காட்டச் சொன்னவன் இவன். ராணி கிளம்பியது, குதிரை கிளம்பியது.

பைசான் அவளைவிடத் தேர்ந்தவன்தான். ஆனால் இந்த வேகத்தை அவன் நேரில் பார்த்ததில்லை. அவன் யோசிப்பான், இவள் உடனே அடிப்பாள். அவன் மறுபடி யோசிப்பான். அந்த நேரம் பார்த்து அடுக்களையில் குக்கர் வீறிட்டது.

"அது என்ன சத்தம்?" பைசான் நிமிர்ந்தான்.

"குக்கர்."

"ஒரு விசிலா, இரண்டு விசிலா? அது ஏதாவது சிக்னலா?"

"பருப்பு" என்றாள் ஜுவைரியா. "வேகிறது."

கதவுக்குப் பின்னால் கிளாரா ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு நின்றாள்.

பைசானின் யானை போனது. பிறகு ராணிக்கு ராணி வெட்டுப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் காய்கள் குறைந்து, அவனுக்கு ராஜா மட்டும் மிஞ்சியது. இவளுக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியானது. இனி அவன் ராஜாவை மூலையில் வைத்துக் கட்டிவிட்டால் முடிந்தது. அவள் கடிகாரத்தில் இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல் இருந்தது. பஸ் இல்லை, ஸ்டாப் இல்லை, நெட்டும் போகவில்லை. அவள் கை நிற்கவில்லை. ராணியைச் சடாரென்று கொண்டுபோய் அவன் ராஜாவுக்குப் பக்கத்தில் நெருக்கினாள்.

வைத்த கணத்திலேயே தெரிந்துவிட்டது. மூலையில் நிற்கும் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. அப்படி ஆகிவிட்டால் ஆட்டம் சமன். கைக்கு வந்த வெற்றியை அவளே தூக்கிக் கொடுத்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

மேடம்தான் முதலில் பேசினார்.

"உங்கள் பழைய ஆட்டங்களிலும் இதே தப்பு மூன்று இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரைப் பார்த்து ஆடுகிறவர் இந்த இடத்தில் இப்படித் தவறவிட மாட்டார். அந்த முகத்தையும் யாராலும் நடிக்க முடியாது. பைசான், கேஸை மூடிவிடு. அம்மா, நீங்கள் இறுதிப்போட்டிக்கு வரலாம்."

கதவு படாரென்று திறந்தது. கிளாரா உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "கேட்டியாட்டி? விட்டுட்டாங்க, விட்டுட்டாங்க."

ஜுவைரியா அவள் கையை மெல்ல விலக்கினாள். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் ரோஷம்தான் வந்தது. போனை முகத்துக்கு நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், என் தப்பைப் பார்த்து என்னை நம்பிவிட்டீர்கள். அந்த ஊன்ட்டைக் கொடுத்தேனே, அது நான் யோசித்துச் செய்தது. அதை இன்னும் நீங்கள் நம்பவில்லை."

மேடம் கொஞ்சம் திணறினார். "நம்பவில்லை என்று இல்லை. நேரம் கிடைத்ததால் நன்றாக ஆடினேன் என்றீர்கள். இப்போதும்தான் நேரம் இருந்தது. இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும்போது ஏன் அவ்வளவு அவசரம்?"

ஜுவைரியா தன் வலது கையைப் பார்த்தாள்.

"நேரம் இருந்தது, மேடம். எனக்கு நேரம் இருக்கிறது என்று இந்தக் கை நம்பவில்லை."

மேடம் பைசானிடம் அந்த அரையிறுதி ஆட்டத்தைத் திரையில் போடச் சொன்னார். நாற்காலியை இழுத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். "மெதுவாகச் சொல்லுங்கள்."