ஈயம் ஒட்டாத குழல்

ஓரின் ஹாகன் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் துப்பாக்கியைத்தான் விசாரிப்பார். பிள்ளைகுட்டி சௌக்கியமா என்பதெல்லாம் அப்புறம். ரிவால்வரைத் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, குழலின் பின்பக்கம் கட்டைவிரல் நகத்தை வைப்பார். நகத்தில் விழுந்த வெளிச்சம் குழலுக்குள் போகும். முன்பக்கம் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தால் போச்சு, அன்றைக்கு அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

மொன்டானாவில் எங்கள் கவுன்டிக்கு அவர்தான் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். ஓய்வு பெற்றதும் கராஜில் உட்கார்ந்துவிட்டார். டயர் கடைகளில் கழற்றிப் போடும் ஈயச் சக்கர எடைக்கட்டிகளை உருக்கி, அச்சில் ஊற்றி, ரிவால்வர் குண்டு வார்த்து, பித்தளைக் கூட்டில் வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக முடித்துத் தருவார். ஊரில் இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் நாங்கள் நாலைந்து பேர் ஓரினின் தோட்டாவைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டோம். காசு வாங்கமாட்டார். எடைக்கட்டியும் காலிக் கூடுகளும் கொண்டுபோய்ப் போட்டால் போதும். யாராவது எல்க் மான் அடித்தால் அவர் மனைவி மாவிஸுக்கு ஒரு தொடை போகும்.

ஈயம் மென்மையான சரக்கு. பின்னாலிருந்து நெருப்பு தள்ள, இரும்பில் உரசிக்கொண்டு ஓடும்போது கொஞ்சம் குழலிலேயே ஒட்டிக்கொள்ளும், பால் பாத்திரம் அடிப்பிடிக்கிற மாதிரி. ஒட்டியதன்மேல் அடுத்ததும் ஒட்டும். பிறகு நீங்கள் டப்பாவைக் குறிவைத்தால் குண்டு பக்கத்து வேலிக்குப் போகும். பித்தளைத் தூரிகையை வைத்துக்கொண்டு தோள் வலிக்கத் தேய்க்க வேண்டியதுதான். ஈயத்தைக் கெட்டியாக்கினால் ஒட்டாது என்று எங்கள் ஊரில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. ஓரினுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"கல்லுல செஞ்சாலும் ஒட்டும்டா," என்பார். "குண்டு குழலுக்கு அளவா இருக்கணும். இடுப்பு வரியில மெழுகு இருக்கணும். அவ்வளவுதான் விஷயம். மத்ததெல்லாம் பத்திரிகைக்காரன் பொழப்புக்கு எழுதுறது."

குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு வரி ஓடும். ஒரு சின்னக் கருவியில் வைத்து அழுத்தினால் குண்டு சரியான அளவுக்கு வரும், வரியில் மெழுகும் ஏறும். நாலைந்து குண்டுக்கு ஒருமுறை கருவியின் தலையில் உள்ள திருகை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அப்போதுதான் மெழுகு கீழே இறங்கும். குண்டைக் கூட்டில் செருகியபின் அந்த வரி உள்ளே மறைந்துவிடும். மெழுகு இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அந்த இலையுதிர்காலத்தில் முதலில் மாட்டியவன் டுவேன் பிக்கெட். மரம் அறுக்கும் ஆலையில் இருந்து ஓய்ந்தவன், வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை. அவனுடைய குழலில் ஈயம் அப்பிக் கிடந்தது. ஓரினின் தோட்டா தப்பாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கும்தான்.

"என் துப்பாக்கிதான்யா சனியன்," என்று சொல்லி, நல்ல ரிவால்வரை மச்சானிடம் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினான். அதிலும் ஒட்டியது. என்னுடையதிலும் ஒட்டியது. நான் என் மனைவி வாங்கிவந்த துப்பாக்கி எண்ணெயைக் குறை சொல்லி ஒரு சண்டை போட்டேன்.

ஓரின் துடித்துப்போனார். எங்கள் எல்லாருடைய ரிவால்வரையும் வாங்கி, குழலுக்குள் மெத்தென்ற ஈயத்துண்டைத் தட்டி இறக்கி அளந்தார். அளவு சரி. அப்படியானால் உலோகம்தான் கெட்டிருக்க வேண்டும் என்றார். இப்போதெல்லாம் எடைக்கட்டியைத் துத்தநாகத்தில் செய்கிறார்கள், ஒன்றிரண்டு கலந்தாலும் பானை முழுக்கப் பாழ் என்றார். அருமையான ஈயம், வாளி வாளியாக, எல்லாவற்றையும் குப்பை வண்டியில் போட்டார். அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்து மன்னிப்புக் கேட்டார்.

"லெஸ், என் கவனக்குறைவுதான்டா," என்று என் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை. அந்த ஆளை அப்படி நிற்கவைத்தது எதுவோ, அதன் மேல்.

புதிய ஈயத்திலும் ஒட்டியது.

மாவிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஓரின் கராஜில் இருந்தார். சமையலறையில் காபி ஊற்றிவைத்தாள், தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"சியாட்டில்லேர்ந்து பையன் போன் பண்ணினான். 'யாருப்பா பேசுறது'ன்னு கேட்டாரு லெஸ். பெத்த பையனை. போன வாரம் கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வழி தெரியாம பள்ளிக்கூடத்து முன்னாடி வண்டியிலேயே உக்காந்திருந்தாரு. டாக்டரு, பில்லிங்ஸ் ஊர்ல ஒரு முதியோர் இல்லத்துல சேக்கச் சொல்றாரு."

"எனக்குத் தெரியாதே மாவிஸ்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்ககிட்ட அவரு குண்டைப் பத்தித்தானே பேசுவாரு. அது ஒண்ணுதான் அவருக்குக் கெட்டியா நிக்குது. கராஜ்ல அந்த மேசை முன்னாடி உக்காந்தா பழைய ஓரின். எழுந்து இங்க வந்தா, நான் யாருன்னு தேடுறாரு. அந்த மேசை போச்சுன்னா எனக்கு யாரும் மிச்சமில்ல. உங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க, ஈயம் ஒட்டுது, ஒட்டலைன்னு அவரைப் போட்டுக் குடையாதீங்க."

வீட்டுக்கு வந்து நான் ஒரு காரியம் செய்தேன். முன்பே செய்திருக்க வேண்டியது, ஓரினுடைய சரக்கு என்பதால் கை வரவில்லை. சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. அதில் தோட்டாவை மாட்டிச் சிமென்ட் தரையில் தட்டினால் குண்டு கழன்றுவிடும். ஒவ்வொன்றாகத் தட்டினேன். சிலவற்றில் வரி நிறைய நீல மெழுகு. சிலவற்றில் ஒன்றுமே இல்லை, அச்சிலிருந்து விழுந்த மாதிரி மொட்டை ஈயம். அந்தத் திருகைச் சுற்ற மறந்திருக்கிறார். ஞாபகம் வந்தபோது சுற்றியிருக்கிறார், மறுபடி மறந்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சுடும் மைதானத்துக் கொட்டகையில் மற்றவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன இப்போ?" என்றான் டுவேன். "தேய்ச்சா போகுது. நமக்கென்ன கை இல்லையா?"

அப்படித்தான் முடிவானது. ஓரின் வருமுன் அவரவர் குழலைத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிடுவோம். அவர் வந்து நகத்தை வைத்துப் பார்ப்பார். "பாத்தியா? துத்தநாகம்தான். நான் சொன்னேன்ல?" என்று சிரிப்பார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் கிழவா," என்பான் டுவேன். குளிர்காலம் பாதிவரை அந்தப் பொய் நன்றாகவே ஓடியது. என் தோள்பட்டை விட்டுப்போயிற்று. மாவிஸ் மைதானத்துக்கு ருபார்ப் தண்டு போட்ட 'பை' பலகாரம் சுட்டு அனுப்பினாள்.

பிப்ரவரியில் ஒருநாள் டுவேன் சுட்டான். அந்தச் சத்தம் மற்றச் சத்தம் மாதிரி இல்லை. கொட்டகைக் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. அவன் துப்பாக்கியை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுத் தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். விரல்கள் எல்லாம் இருந்தன. சுழல் அறைக்குள் கூடு உப்பி இறுகிக் கிடந்தது, தட்டித்தான் எடுத்தோம்.

பெட்டியில் மீதமிருந்ததை அங்கேயே தட்டிப் பிரித்தேன். இன்னொன்றில் காரணம் தெரிந்தது. ஒரு கூட்டுக்குள் இரண்டு பங்கு மருந்து.

"சனிக்கிழமை இதே பெட்டியிலதான்யா என் பேத்திக்குச் சுட எடுத்துக் குடுத்தேன்," என்றான் டுவேன். அவன் அவ்வளவு குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் நானும் டுவேனும் ஓரின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த மாவிஸ் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்காச்சும் அடியா?" என்றாள். இல்லை என்றேன். "இனிமே ஆகலாம், இல்லையா?" என்றாள். மேலே ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு எங்களோடு கராஜுக்கு வந்தாள்.

ஓரின் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கடா சோம்பேறிகளா!" என்று நாற்காலியிலிருந்த பெட்டிகளைத் தள்ளி இடம் பண்ணினார். மொட்டைக் குண்டையும், இரண்டு பங்கு மருந்து இருந்த அந்தக் கூட்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"இதைக் கொஞ்சம் பாரு ஓரின்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குண்டின் வரியில் நகத்தை ஓட்டினார். "மெழுகே இல்லையே." கூட்டிலிருந்த மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினார். முள் நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"ரெண்டு தடவை ஊத்தியிருக்கான்," என்றார். "யாரு சரக்குடா இது?"

டுவேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லமாட்டீங்க. சரி. நம்ம ஆளு எவனோதான், அதான் என்கிட்ட வந்திருக்கீங்க." கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாருங்க. அந்த மனுஷன் இனிமே மருந்தைத் தொடக் கூடாது. இன்னிக்கே போய் மருந்து, அச்சு, கருவி, எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துருங்க. அப்புறம்னு தள்ளிப் போடாதீங்க, யாராச்சும் செத்துப் போவாங்க."

"சரி," என்றேன்.

"ஆனா நயமாச் சொல்லுங்கடா. டுவேன், நீ வாயைத் தொறக்கவே தொறக்காதே. அவன் வேணும்னு பண்ணலை, அவனுக்கு மறதி வந்திருக்கு. பொண்டாட்டி இருந்தா அவ முன்னாடி வெச்சுச் சொல்லாதீங்க. அது ரொம்ப அவமானம்."

மாவிஸ் அவருக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அவனுக்கு வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார் ஓரின். "இது போனா, பொழுதுக்கு?"

நான் வாயெடுக்குமுன் மாவிஸ் சொன்னாள்.

"இல்ல ஓரின். இது ஒண்ணுதான்."

"அட பாவமே," என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து சுவர் ஆணியில் தொங்கிய ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கருவியை மேசையோட சேத்து முடுக்கியிருப்பான். கழட்ட இது வேணும், கொண்டு போ."