ஆடிக்குள்ள பேச்சியக்காவுக்கு ஒரு வீடு

வீட்டு புரோக்கர் தொழிலுக்கு முதலீடு ரெண்டே ரெண்டு: பெட்ரோலு, வாயி. பெட்ரோல் தீர்ந்து நடுரோட்டுல நின்னிருக்கேன். வாய் இன்னும் தீரல.

என்ன மாப்ளைகளா, சிரிக்கிறீகளா? உங்க லட்சணம் எனக்குத் தெரியாதா? பொண்ணு பார்க்கப் போனப்பகூட ஒழுங்காத் தலை சீவாதவுக, வீடு பார்க்க வர்றப்ப மட்டும் சட்டையை இஸ்திரி போட்டு வருவீக. சுவத்தைத் தட்டிப் பார்ப்பீக. என்ன சத்தம் வரணும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருந்தாலும் "ம்ம், கட்டடம் ஸ்ட்ராங்"னு ரெண்டு பேருமா தலையை ஆட்டுவோம்.

பாலிடெக்னிக்கைப் பாதியில விட்டுட்டு, பிரஸ்ல கொஞ்ச நாள், கூரியர்ல கொஞ்ச நாள்னு கால் தரிக்காம சுத்தி இங்கன வந்து விழுந்தவன் நான். இப்பச் சொல்லப்போறது எல்லாம் ஒரே பார்ட்டியோட வீடு வீடா அலைஞ்ச கதை. பேர் பேச்சியக்கா. எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில வேலை. வீட்டுக்காரர் மாரியப்பண்ணனும் அதே கம்பெனிதான். அப்பன் ஆத்தா காலம் பூரா அடுத்தவுக காட்டுல கூலி வேலை பார்த்த குடும்பம். சொந்த வீடுன்னு கிளம்புன முதல் ஆளு இவுகதான். பேங்க்ல லோனும் சரின்னுட்டாக. ஆனா குடியிருந்த வாடகை வீட்டு ஓனர், மகனுக்குக் கல்யாணம், ஆனிக்குள்ள காலி பண்ணுங்கன்னுட்டாரு. ஆடி பொறந்துட்டா புது வீட்டுல பால் காய்ச்ச முடியாது. "தம்பி, இன்னொரு வாடகை வீட்டுக்குப் பாத்திரம் தூக்க எனக்குத் தெம்பு இல்ல. ஆடிக்கு முன்னாடி நம்ம வீட்டுல பால் காய்ச்சிரணும்"னாக. கையில இருந்தது ஒன்றரை மாசம்.

காலண்டரைத் தூக்கிப் பாருங்க

சிவகாசியில வீட்டுக்கு ரெண்டு காலண்டர் தொங்குறது அதிசயம் இல்ல, அச்சடிக்கிற ஊரு. ஆனா ஒரே சுவத்துல ஆறு காலண்டர் தோளோட தோள் இடிச்சுக்கிட்டுத் தொங்குனா உஷாராயிருங்க. நாங்க முதல்ல பார்த்த வீட்டு ஹால்ல அப்படித்தான். முருகன், மாரியம்மன், மலையருவி, கொழுகொழுன்னு ஒரு பாப்பா. அதுல நாலு காலண்டர் போன வருசத்தோடது. "ரொம்ப பக்தியான குடும்பம்க்கா"ன்னு நான் எடுத்து விட்டேன்.

அக்கா மாரியம்மனைக் கும்பிட்டுட்டு, பாப்பாவை மட்டும் லேசா ஓரங்கட்டுனாக. மேல இருந்து கீழ வரைக்கும் விரிசல். உள்ள ஒரு பல்லி குடித்தனம் நடத்துது. வீட்டு ஓனர் அசரவே இல்ல. "அது விரிசல் இல்லம்மா, வெயிலுக்கு பெயிண்ட் கொஞ்சம் சிரிக்குது"ன்னாரு. அக்கா காலண்டரை நேராக்கி விட்டுட்டுச் சொன்னாக: "சிரிச்சா பல்லுதான தெரியணும்ணே? இங்க பக்கத்து வீட்டு டிவி தெரியுதே."

பையில ஒரு சோப்பு இருக்கட்டும்

அடுத்தது ஆனைக்குட்டம் போற ரோட்டுல. அணை பக்கத்துலேயே இருக்கு, தண்ணிக்கு என்ன கவலைன்னு வழியெல்லாம் அளந்துக்கிட்டே போனேன். வீட்டுக்கார அம்மா சொம்புல தண்ணி கொண்டாந்து, "எங்க போர் தண்ணி, குடிச்சுப் பாருங்க, இளநி தோத்துரும்"னாக. குடிச்சேன், தோத்துரும்தான். அடுப்படி மூலையில காலி வாட்டர் கேன் ஒண்ணு குப்புறக் கிடந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரியும் இருந்தேன்.

மாரியப்பண்ணன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அதுல எட்டு "ம்"மாத்தான் இருக்கும். அவரு கொல்லைக் குழாய்க்குப் போயி, சட்டைப்பையில இருந்து சோப்பை எடுத்துக் கையைத் தேய்ச்சாரு. தேய்ச்சாரு, தேய்ச்சாரு, பொட்டு நுரை வரல. உப்புத் தண்ணியில எங்கிட்டு நுரை வரும்? "சோப்பு மட்டமா இருக்கும்"னாக அந்த அம்மா. அண்ணன் கையை உதறிட்டுச் சொன்னாரு: "சோப்பை மாத்திரலாம்மா. தண்ணியை எங்கன போயி மாத்த?"

எத்தனை கையெழுத்துன்னு கேளுங்க

விருதுநகர்ல பருப்பு யாவாரம் பண்ற ஒரு பாய் குடும்பத்துக்கு சிவகாசியில பூர்வீக வீடு. அருமையான மனுசங்க. வீடு காட்டுறதுக்கு முன்னாடியே டீயும் சமோசாவும் வந்துருச்சு. "அத்தா பேர்ல இருந்த வீடு. நாங்க அஞ்சு பேரு, எல்லாருக்கும் சம்மதம்"னாரு மூத்த பாய். நான் சமோசாவோட அதையும் சேர்த்து முழுங்கிட்டேன். அக்காதான், "அஞ்சு பேரையும் ஒருக்கா கேட்டுக்கிறலாமா பாய்?"னு ஆரம்பிச்சாக. நாலு பேரு எதிர்லயே உட்கார்ந்திருந்தாக. அஞ்சாவது, துபாய்ல இருக்கிற கடைசித் தங்கச்சி. வீடியோ காலைப் போட்டாக.

தங்கச்சி போனை ரூம் ரூமாக் கொண்டுபோகச் சொன்னாக. "மாடிப்படியைக் காட்டுங்கண்ணே. அங்கன விழுந்துதான் எனக்குப் பல்லு போச்சு." அழுகுறாகளா சிரிக்கிறாகளான்னே தெரியல. ஒரு வாரிசு கையெழுத்து விட்டுப்போனாலும் பின்னாடி கோர்ட்டுக்கு அலையணும், அதை மறந்துராதீக. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பார்த்தாக்கூட இந்த மாதிரிப் பாசம் அதுல வராது. கடைசியில தங்கச்சி தெளிவாச் சொன்னாக: "அண்ணே, தாராளமா வித்துக்கோங்க. என்கிட்ட கையெழுத்து மட்டும் கேக்காதீக."

எல்லாம் சரியா இருந்த வீடு

ஆனி பாதி தாண்டிருச்சு. அப்பத்தான் ஒரு வீடு சிக்குச்சு. எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்காதீக. சுவத்துல ஒரே ஒரு காலண்டர், அதுக்குப் பின்னாடியும் சுவருதான். சோப்பு பொங்கி வழிஞ்சுச்சு. பத்திரம் ஒரே ஆள் பேர்ல. மாரியப்பண்ணன் "நல்லாருக்கு"ன்னு ஒரு முழு வார்த்தையே சொல்லிட்டாரு. அக்கா அடுப்படிக்குள்ள போயி, மேடையில சாண் சாணா அளந்தாக. "இங்கன கேஸ் அடுப்பு. இங்கன கிரைண்டர். ஜன்னலைத் தொறந்தா பால் காய்ச்சுற ஆவி அப்படியே வெளிய போயிரும்."

ஓனர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கிட்டுப் போனாரு. "தம்பி, எல்லாம் சரி. இவுக எந்தப் பக்கத்து ஆளுக?" எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "மேக்குப் பக்கம்ணே, எம். புதுப்பட்டி"ன்னேன். அவரு சிரிக்கல. "நான் கேக்குறது உனக்குத் தெரியும்." தெரியும். அவரு கேட்டது சாதி. சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. தெருவுல நாலு பேரு கேப்பாக. வேற பார்ட்டி கூட்டிட்டு வா"ன்னாரு. உள்ள அக்கா இன்னும் அளந்துக்கிட்டு இருந்தாக.

மறுநாள் போன் போட்டு, "அக்கா, வேற ஆளு முந்திக்கிட்டாகக்கா, அட்வான்ஸ் போட்டு முடிஞ்சுருச்சு"ன்னேன். "அப்படியா தம்பி, நமக்குக் குடுத்து வைக்கல"ன்னு வச்சுட்டாக. நானும் தப்பிச்சேன்னு இருந்தேன். நாலு நாள் கழிச்சுப் புது நம்பர்ல இருந்து ஒரு போன். அந்த வீட்டுத் தெருவைச் சொல்லி, "வீடு விற்பனைக்குன்னு போர்டு பார்த்தேன்"னு ஒரு பொம்பளைக் குரல். யாவாரக் குரல்ல, "ஆமாக்கா, சூப்பர் வீடு, இன்னும் முடியல, எப்ப பார்க்க வர்றீக?"ன்னேன்.

"தம்பி, நான் பேச்சிதான். கூட வேலை பார்க்கிற பிள்ளை போன்ல இருந்து பேசுறேன். போர்டுல உன் நம்பர்தான் போட்டிருக்கு."

அக்கா திட்டுவாகன்னு காத்திருந்தேன். திட்டல. ஏன்னும் கேக்கல. அவுகளுக்கு அது தெரிஞ்ச சங்கதி. ஒண்ணே ஒண்ணு சொன்னாக: "வாசல்லயே சொல்லியிருந்தா நான் அடுப்படியை அளந்திருக்க மாட்டேன்ல தம்பி?"

ஆனி கடைசி நாள்ல அக்கா இன்னொரு வாடகை வீட்டுக்குப் பாத்திரத்தை ஏத்துனாக. எனக்குச் சொல்லல, நானாக் கேள்விப்பட்டதுதான்.

வீடு வாங்குறவுக எதை எதைத் தூக்கிப் பார்க்கணும்னு விடிய விடியச் சொல்லுவேன், ஆனா அந்த ஓனர்கிட்ட "உங்க வீட்டை நான் விக்க மாட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லாம, ஆவணியில வேற ஆளுக்கு முடிச்சுக் குடுத்து கமிசன் வாங்குனவன் நான்தான்.